டவருக்கு இடம் பார்த்த கதை

கிரெய்கிபர்ன், மெல்பேர்ண்
12 நவம்பர் 2006

அன்பு மகள் வைதேகி அறிவது,

என்னுடைய வலது முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லோரும் நல்ல சுகம். நீயும் மருமகன் தேவராஜாவும் பேரப்பிள்ளைகளும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்றும், குளிருடுப்புகளை இதற்குள் வெளியே எடுத்து வெயிலில் போட்டுவிட்டாய் என்றும் நம்பிக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். லண்டனில் வெயில் எங்கே அம்மா என்று கேட்காதே, ஜன்னலோரம் விரித்தாலும் போதும். இங்கே இது வசந்தகாலம் என்று பெயர். காலையில் சுவெட்டர், மத்தியானம் விசிறி, பின்னேரம் திரும்பவும் சுவெட்டர். எங்கள் தெரு முடிகிற இடத்தில் போன வருஷம் வரை செம்மறி மேய்ந்தது, இப்போது கூரைகள்தான் மேய்கின்றன. மருமகள் கல்யாணி மருந்துக்கடையில் மேலாளர் ஆகிவிட்டாள், மிகவும் கெட்டிக்காரி, என்ன இருந்தாலும் கோயம்புத்தூர்ப் பிள்ளை, தேங்காய்ப்பால் சொதிக்குள் பருப்புப் போடுகிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை, பார்த்துக்கொண்டு நிற்பேன், அதுவே அவளுக்குப் போதும், ‘அத்தை, சொல்றதுன்னா சொல்லிடுங்க’ என்பாள். உன்னுடைய போன கடிதம் கம்ப்யூட்டரில் அடித்து வந்தது, கீழே பெயர் மட்டும் பேனையால். வங்கியிலிருந்து வந்திருக்கிறது என்று நினைத்துத் தம்பியின் மேசையில் வைத்துவிட்டேன், அவன்தான் இரண்டு நாளைக்குப் பிறகு சிரித்துக்கொண்டு கொண்டுவந்து தந்தான். உனக்கு நல்ல கையெழுத்து இருக்கிறது, அதற்காக உன் அப்பா எவ்வளவு பாடுபட்டவர், அதை இப்படிப் பூட்டி வைக்காதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் மாதம் தொடக்கம் நீ டெலிபோன் எடுக்கும்போதெல்லாம் ஒன்றையே கேட்கிறாய், ஏன் அம்மா தம்பியின் வேலையில் தலையிட்டீர்கள் என்று. பிறகு சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். முடிவு தெரியாத விஷயத்தை நான் எழுதுவதில்லை, டெலிபோனில் பேசவே மாட்டேன். இப்போது முடிவு தெரிந்துவிட்டது. தம்பி தன்னுடைய பக்கத்தை உனக்கு அப்போதே சொல்லிவிட்டான், ‘அக்கா, அம்மா ஒரு மலையையே நிப்பாட்டிப் போட்டா’ என்றானாம். மலை தன் பாட்டில்தான் நின்றது. அவனைத்தான் நான் நிறுத்தினேன்.

தம்பி சிறிதரனும் அவனுடைய கூட்டாளி வரதராஜாவும் இங்கே ட்ருகனினாவில் ஒரு பெரிய கொட்டகை எடுத்து மொபைல் டவர்கள் நிறுத்திக் கொடுக்கும் தொழில் தொடங்கியது உனக்குத் தெரியும். பட்டணத்தில் டவர் நிறுத்த டெலிபோன் கம்பெனிகள் ஒன்றோடொன்று அடிபடும். ஆள் குறைந்த தூர இடங்களுக்கு, முக்கியமாகப் பூர்வகுடி மக்களின் நிலங்களுக்கு, லாபமில்லை என்று ஒருவரும் போவதில்லை. அதற்காக அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அப்படியான ஊரில் டவர் நிறுத்துகிற கம்பெனிக்குச் செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஊக்கத்தொகையாகக் கொடுத்துவிடும். ஆனால் நிலத்துக்கு உரிய மக்கள் சம்மதம் என்று கையெழுத்து வைக்கவேண்டும், அதையும் ஜூன் முடிவதற்குள் வைக்கவேண்டும். பிந்தினால் அந்த உதவி வேறு ஊருக்குப் போய்விடும், இந்த ஊருக்குத் திரும்பி எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. தம்பிக்குக் கிடைத்தது அலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து செம்மண் பாதையில் அரைநாள் ஓடவேண்டிய ஒரு ஊர். அதன் பெயரை நான் எழுதவில்லை. வீதிப் பலகையில் ஒரு மாதிரியும் கிளினிக் சுவரில் வேறு மாதிரியும் எழுதி வைத்திருக்கிறார்கள், எது சரி என்று தெரியாமல் எழுதப் பள்ளிக்கூடத்தில் என்னைக் கன்னியாஸ்திரிகள் பழக்கவில்லை.

நான் ஏன் அங்கே போனேன் என்று அடுத்தது கேட்பாய். மே மாதம் கல்யாணி ஒரு பயிற்சிக்காகச் சிட்னிக்குப் போய் ஹரிஸ் பார்க்கில் சினேகிதி வீட்டில் நின்றாள். நான் குளியலறையில் வழுக்கி விழுந்து எழும்பியிருந்த நேரம். தனிய விடமாட்டேன் என்று தம்பி பிடிவாதம். அடுத்த தெரு ஜெய்னம்பு தன்னோடு வந்து நிற்கச் சொல்லி ஆசையாகக் கேட்டா, தங்கமான மனுஷி, ஆனால் அவவின் வீட்டில் டெலிவிஷன் விடியற்காலையில் தொடங்கினால் ஓயாது. நான் தம்பியோடே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ‘அம்மா, அங்க ரோட்டுமில்லை, ஹோட்டலுமில்லை’ என்றான். எண்பத்துமூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு லொறியில் வந்தவளுக்கு ரோட்டைப் பற்றிச் சொல்லாதே என்றேன். அவன் போய் எனக்கும் டிக்கெட் எடுத்தான். ஒரு தலையணை, தேத்தண்ணிப் போத்தல், நான் பின்னுகிற நூலும் ஊசியும், ஒரு டின் பயத்தம் உருண்டை, இவ்வளவும் கொண்டு போனேன். பாதை மோசந்தான், அவனிடம் ஒத்துக்கொள்ளவில்லை.

போய்ச் சேர்ந்த மறுநாள் கூட்டம். தகரக் கூரை போட்ட ஒரு நிழலில் ஆண்கள் முன்னுக்கும், பெண்கள் தள்ளி ஒரு மரத்துக்குக் கீழேயும் இருந்தார்கள். ஊருக்கு மேற்கே சிவப்புக் கல்லாக ஒரு குன்று எழும்பி நிற்கிறது. டவர் நிறுத்த அதைவிட நல்ல இடம் சுற்றுவட்டாரத்தில் இல்லை என்று தம்பி மெல்பேர்ணில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் பார்த்து முடிவு செய்திருந்தான். அங்கே நிறுத்தினால் டெலிபோன் ஊருக்கும் கேட்கும், வீதியில் வெகுதூரத்துக்கும் கேட்கும். பெரிய படத்தை விரித்து வைத்து விளங்கப்படுத்தினான். நன்றாகத்தான் பேசினான், இரண்டு இடத்தில் இலக்கணம் பிழைத்தது, அதைப் பிறகு தனியாகச் சொன்னேன். முடிவில், அந்தக் குன்றில் நிறுத்த யாருக்காவது மறுப்பு உண்டா என்று கேட்டான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வயதான ஒருவர் தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்தார். இன்னொருவர் தூரத்தில் படுத்திருந்த நாயைக் கூப்பிட்டார். பெரியவர் மாதிரி நடுவில் இருந்த மனிதர், அவர் சொன்ன இங்கிலீசை எங்கள் பேச்சில் எழுதினால், ‘ஓம், நல்லது, பாப்பம்’ என்றார். அதற்குப் பிறகு மழை வருமா வராதா என்று பேச்சு மாறிவிட்டது. எல்லோரும் தேத்தண்ணி குடித்தோம். காரில் ஏறினதும் தம்பி ஸ்டியரிங்கில் தாளம் போட்டு, ‘அம்மா, ஒருத்தரும் வேண்டாமெண்டு சொல்லேல்லை, வெள்ளிக்கிழமை கையெழுத்து’ என்றான்.

வைதேகி, உனக்குச் சம்பந்தம் பேசின காலத்தை யோசித்துப் பார். உன் அப்பா மானிப்பாயில் ஒரு வீட்டுக்குப் போனார். அவர்கள் தேத்தண்ணியும் வாழைப்பழமும் தந்து, ஓம் பாப்பம், தை பிறக்கட்டும் என்று சொல்லி அனுப்ப, மனுஷன் சந்தோஷமாக வந்து மண்டபம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார். அவர்களுக்கு அந்தத் தை இன்னும் பிறக்கவில்லை. எங்கள் ஆட்களில் எவராவது ஒரு சம்பந்தத்தை வேண்டாம் என்று வாயால் சொல்லி நீ கேட்டதுண்டா. விருப்பம் என்றால் அந்த இடத்திலேயே வாக்குவாதம் தொடங்கும், மண்டபம் எங்கே, கூறை யார் எடுப்பது, மாப்பிள்ளையின் மாமாவுக்கு ஏன் முதலில் சொல்லவில்லை என்று. விருப்பமில்லாவிட்டால்தான் மழையைப் பற்றிப் பேசுவார்கள். இதைத்தான் தம்பியிடம் சொன்னேன், அது ஓம் இல்லை மகன் என்று. ‘அம்மா, இவையள் யாழ்ப்பாணத்து ஆக்கள் இல்லை’ என்றான். தேத்தண்ணி குடித்தவிதம் அப்படியே யாழ்ப்பாணந்தான் என்றேன். இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளை, மறுப்பு உண்டா என்று கேட்டுப் பதில் வராவிட்டால் மறுப்பு இல்லை என்று எழுதிக்கொள்ளப் பழகிவிட்டான். அடுத்த நாள் அவனைக் குன்றுக்குக் கூட்டிப் போவதாகச் சொன்ன ஆள் வரவில்லை, கார் பழுதாம். கொஞ்ச நேரத்தில் அதே கார் கிளினிக்குக்கு முன்னால் நல்ல வேகத்தில் ஓடிப்போனது. அதைப் பார்த்தும் தம்பிக்கு விளங்கவில்லை. நாளைக்குக் காலையில் நான் தனியவே ஏறி அளந்துகொண்டு வாறன் என்றான்.

அன்று பின்னேரந்தான் நான் டோரீனைக் கண்டது. கிளினிக் விறாந்தையில் ஒரு கதிரையில் இருந்து மேசைத்துணிக்குக் கரை பின்னிக்கொண்டிருந்தேன். அங்கே சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது, அதைப் பேனையால் திருத்திவிட்டு வந்து இருந்தேன், அதைச் சொல்லத் தேவையில்லை. என் வயது மதிக்கக்கூடிய ஒரு அம்மா மெதுவாக வந்து பக்கத்தில் தரையில் இருந்தாள். வெகுநேரம் என் விரல்களையே பார்த்தாள். பிறகு, ‘இந்தக் கரையை உனக்கு ஆர் காட்டினது’ என்று கேட்டாள். கன்னியாஸ்திரிகள் என்றேன். ‘எனக்கும் அவையள்தான்’ என்று ஊசியை வாங்கி நாலு கண்ணி பின்னிக் காட்டினாள், என்னுடையதைவிட இறுக்கமான கண்ணி. ‘விரலில அடிச்சவையோ’ என்று கேட்டாள். பிழைவிட்டால் அடிப்பார்கள் என்றேன். ‘எனக்குப் பிழைவிடாட்டிலும் அடி’ என்றாள். என்னை என் அப்பா கையைப் பிடித்து, புதுச் சப்பாத்துப் போட்டு, கன்னியர் மடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அவளைத் தாயின் கையிலிருந்து பறித்துக்கொண்டு போய் மிஷனில் சேர்த்திருக்கிறார்கள். கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோல அதைச் சொன்னாள். எங்கள் கன்னியர் மடத்தைப் பற்றி நான் பெருமையாகச் சொல்ல வைத்திருந்த இரண்டு மூன்று கதைகளை அப்படியே விழுங்கிவிட்டேன். டின்னைத் திறந்து பயத்தம் உருண்டை கொடுத்தேன். ஒன்றைச் சாப்பிட்டாள், ஒன்றைப் பையில் போட்டாள், என் தேத்தண்ணியில் சீனி காணாது என்றாள்.

அவளுக்கு மேபல் என்று ஒரு தங்கை. சிறுநீரகம் பழுதாகி அலிஸ் ஸ்பிரிங்ஸில் மெஷினோடு இருக்கிறாளாம். வாரத்துக்குப் பல தடவை இரத்தம் சுத்தம் செய்யவேண்டும், மெஷினை விட்டு ஊருக்கு வர வழியில்லை. ஊரிலே கடைக்கு வெளியே ஒரேயொரு பொதுத் தொலைபேசி, அது பழுதானால் திருத்த ஆள் வரக் காலம் போகும், அன்றைக்கும் அது செத்துப்போய்த்தான் கிடந்தது. ‘அவள் இருக்கிறாளோ இல்லையோ எண்டு லொறிக்காரனைத்தான் கேக்கிறனான்’ என்றாள். பிறகு சொன்னாள், ‘உங்கட மகன்ர டவர் வேணுமெண்டு இந்த ஊரில என்னைப்போல ஆசைப்படுற ஆள் இல்லை. ஆனா அங்க இல்லை.’ குன்றைக் கையால் காட்டவில்லை, உதட்டைக் குவித்து அந்தத் திசைக்கு மெல்ல நீட்டினாள். அது பெண்களின் இடம், ஆண்கள் ஏறுவதில்லை, ஏன் என்று ஆண்களுக்குச் சொல்வதும் இல்லை. ‘உங்கட மகன் ஆம்பிளையளிட்டத்தான் கேட்டவர். ஏறக்கூடாதெண்டு அவையளுக்குத் தெரியும், ஏனெண்டு தெரியாது. தெரியாததை எப்பிடிச் சொல்லுறது. எங்களுக்குத் தெரியும், எங்களிட்ட ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டாலும் அவருக்குச் சொல்லேலாது’ என்றாள். நாளைக்கு உங்கள் மகன் ஏறப்போகிறாராம், அதுதான் வந்தேன் என்றாள். பிறகு அவளும் வேறு இரண்டு அம்மாமாரும் என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், எனக்குத் தெரியவேண்டிய கொஞ்சத்தைச் சொன்னார்கள். அந்தக் கொஞ்சத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. மருமகன் என்னுடைய கடிதங்களைச் சாப்பாட்டு மேசையில் சத்தமாக வாசிப்பவர் என்று நீதான் சொன்னாய். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, என்றாலும் அவர் ஆண்பிள்ளை. நீ நேரில் வந்தாலும் என்னிடம் கேட்காதே, அது என்னுடைய பொருள் இல்லை. பெண்கள் விஷயம் என்ற இரண்டு சொல்லை மட்டும் வெளியே கொண்டுபோகலாம் என்று டோரீன் அனுமதி தந்தாள், அந்த இரண்டையும்தான் எழுதியிருக்கிறேன்.

அன்றைக்கு இராச்சாப்பாட்டுக்குத் தம்பி டின் மீனில் குழம்பு வைத்தான், பரவாயில்லை, புளி கூடிவிட்டது. சாப்பிட்டு முடிக்கும் வரை பொறுத்திருந்து, மகன், அந்தக் குன்று வேண்டாம், நாளைக்கு ஏறவும் வேண்டாம் என்றேன். ஏன் என்றான். சொல்லமாட்டேன் என்றேன். ‘அம்மா, கம்பெனிக்கு நான் என்னத்தை எழுதுறது. எங்கட அம்மா வேண்டாமெண்டவ எண்டு எழுதவோ’ என்றான். எழுது, பிழையில்லாமல் எழுது என்றேன். காரணம் கேட்பார்களே என்றான். பெண்கள் விஷயம் என்றேன். ‘அது காரணமில்லை அம்மா, அது தலைப்பு’ என்றான். சாட்டிலைட் டெலிபோனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் வரதராஜாவுக்கு எடுத்தான். அந்தக் கருவி ஒவ்வொரு சொல்லையும் ஆகாயத்துக்கு அனுப்பி யோசித்துத்தான் பதில் தரும், அதனால் இரண்டு பேரும் கத்துவார்கள், எனக்கு எல்லாம் கேட்டது. ‘என்ன மச்சான், அன்ரிக்கு அங்க போய் உரு வந்திட்டுதோ’ என்று, எனக்குச் சாமி வந்ததுபோல, வரதராஜா கேட்டான். அவனுக்கு நான் பிறகு வைத்துக்கொண்டேன். தம்பி திரும்பி வந்து என் முன்னால் இருந்து, இடம் மாற்றினால் படங்கள் எல்லாம் புதிதாகக் கீறவேண்டும், ஜூனுக்குள் முடியாது, டவர் வராது, ட்ருகனினாக் கொட்டகையைப் பூட்டவேண்டி வரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். முகம் வாடிப்போயிருந்தது. பெற்ற பிள்ளைக்கு ஒளித்து ஒன்றை வாய்க்குள் வைத்திருப்பது எனக்கு மட்டும் சுகமாகவா இருந்தது. ஆனாலும் சொன்னேன், நாளைக்கு நீ அதில் ஏறினால் வெள்ளிக்கிழமை கையெழுத்து வைக்க இந்த ஊரில் ஒரு மனுஷன் வரமாட்டான், எல்லோருடைய காரும் பழுதாகும் என்று. அவன் என்னைப் பார்த்தான். ஓடிப்போன கார் அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். சிரிக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே சிரித்துவிட்டான். ‘எனக்குக்கூடச் சொல்லமாட்டீங்களோ அம்மா’ என்று கடைசியாக ஒருமுறை கேட்டான். மாட்டேன் என்றேன். சரி, எங்கே நிறுத்தலாம் என்றாவது கேட்டுச் சொல்லுங்கோ என்றான்.

காலையில் அவனை டோரீனிடம் கூட்டிக்கொண்டு போனேன். என்ன சொல்லக்கூடாதோ அதைத்தான் அவள் அவனுக்குச் சொல்லமாட்டாள், மற்றதெல்லாம் நேரே பேசுவாள், வெட்கப்படுகிற ஆள் இல்லை. தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் உள்ள மேட்டைக் காட்டி, ‘அதில நிறுத்து தம்பி, அங்க காத்து மட்டுந்தான் இருக்கு’ என்றாள். தம்பி அதில் ஏறி இறங்கிக் கணக்குப் பார்த்தான். மேடு பதிவு, உயரம் காணாது, ஆகவே டவரை உயர்த்தவேண்டும், உயர்த்தினாலும் வீதியில் தூரத்துக்குக் கேட்காது. ஆனால் வீடுகள், கிளினிக், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் கேட்கும். அரசாங்கம் ஊக்கத்தொகைக்குக் கணக்கில் எடுப்பது அவற்றைத்தானாம், ஓடுகிற வாகனங்களை அல்ல. வெள்ளிக்கிழமைக் கையெழுத்தைத் தள்ளிவைத்துவிட்டு மெல்பேர்ணுக்கு வந்து அவனும் வரதராஜாவும் கொட்டகையிலேயே படுத்து எழும்பிப் புதிதாகப் படம் கீறினார்கள், நான் சோற்றுப் பார்சல் கட்டிக் கல்யாணியிடம் கொடுத்துவிட்டேன், வரதராஜாவின் பார்சலில் மட்டும் மிளகாய் கூட. டெலிபோன் கம்பெனிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அந்த மக்களின் நிலங்களைப் பார்க்கிற சபையிலிருந்து ஒரு பெண் அதிகாரி டெலிபோன் எடுத்து, உங்கள் அம்மாவைக் கூப்பிடுங்கள் என்றாவாம். வந்தேன். யார் உங்களுக்குச் சொன்னது என்று மட்டும் கேட்டா. பெயரைச் சொன்னேன். போதும், நானே போய் அவர்களோடு இருந்து பேசுகிறேன் என்று வைத்துவிட்டா. சொன்னபடி போனா, பேசினா, அடுத்த கிழமையே அந்தக் குன்று காகிதங்களிலிருந்து எடுபட்டது. ஒன்று மட்டும் தம்பி உன்னிடம் முறைப்பட்டது உண்மை, நான் மறுக்கவில்லை. வீதிக்கும் கேட்கக்கூடியதாக நிறுத்தியிருந்தால் அதற்கு அடுத்த ஊரின் டவரையும் இவர்களிடம் கொடுப்பதாக இருந்ததாம், அது வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அந்தக் கவலை அவனுக்கு இன்னும் இருக்கிறது. இருக்கட்டும், அதற்காக அவன் என்னோடு பேசாமல் இருந்ததில்லை.

ஜூன் கடைசிக் கிழமை இரண்டாம் கூட்டம். நானும் வரவேண்டும் என்று டோரீன் கிளினிக் தாதியிடம் சொல்லி அனுப்பியிருந்தாள், சீனியும் கொண்டு வரட்டாம். இந்தமுறை நான் மரத்துக்குக் கீழே பெண்களோடு ஒரு பால்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு இருந்தேன். தம்பி புதுப் படத்தை விரித்ததுதான் தாமதம், ஆளாளுக்குப் பேசத் தொடங்கினார்கள். வேலிக்கு ஏன் அந்த நிறம், லொறி ஏன் அந்தப் பக்கத்தால் வரவேண்டும், பாதை வெட்டுகிற மெஷினை ஓட்ட எங்கள் பெடியனை விட்டு வெளியாளை ஏன் பிடிக்கிறாய், உச்சியில் எரிகிற விளக்கைப் பார்த்து நாய்கள் குரைத்தால் யார் பொறுப்பு. போனமுறை தொப்பிக்குள் பார்த்த மனிதர்தான் எல்லோரையும்விடச் சத்தம். தம்பி வியர்த்துப்போய் என் பக்கத்தில் வந்து, ‘அம்மா, எல்லாத்துக்கும் சண்டை பிடிக்கினம், முடிஞ்சுது’ என்றான். முடிந்ததுதான் மகன், கலியாணம் சரி, போய் வேலியின் நிறத்தை விட்டுக்கொடு என்றேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னரே கையெழுத்து வைத்துவிட்டார்கள். பாதை மெஷினுக்கு அவர்களுடைய பெடியன்தான். அதற்குப் பிறகு வரதராஜா வீட்டுக்கு வந்தால் கதிரையில் இருக்கமுன் என்னைப் பார்த்து, ‘அன்ரி, இதில இருக்கலாமோ’ என்று கேட்பான். பகிடி. நான் எப்போதாவதுதான் ஓம் என்பேன்.

இப்போது டவர் எழும்பிவிட்டது. இம்மாதம் முப்பதாம் திகதி வேலை செய்யத் தொடங்குகிறது, தம்பி முதல்நாளே போய்விடுவான். என்னை வரச்சொல்லிக் கேட்டான், இந்த முழங்காலோடு மூன்றாம் முறை அந்தப் பாதையில் போனால் திரும்பி வரமாட்டேன், வீட்டிலேயே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மேபல் இன்னும் இருக்கிறாளாம், மெலிந்துபோனாளாம், கிளினிக் தாதி தம்பிக்குச் சொன்னாள். டோரீன் தன்னுடைய மருமகனைக்கொண்டு அலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து ஒரு மொபைல் வாங்குவித்து, வேலை செய்யாத ஊரில் அதைத் தினமும் சார்ஜ் பண்ணிச் சீனி டின்னுக்குள் வைத்திருக்கிறாளாம்.

கை வலிக்கிறது, இனி முடிக்கிறேன். பெரியவனைக் கணக்குக்கு அடிக்காதே, அவன் உன் அப்பாவைப் போல, யோசித்துத்தான் விடை சொல்வான். சின்னவளுக்குப் பால் ஒத்துவராவிட்டால் விடு, வற்புறுத்தாதே. மருமகனுக்குச் சீனி வருத்தம் தொடங்குகிற வயது, சோற்றைக் குறைக்கச் சொல் என்று நான் சொன்னதாகச் சொல்லாமல் சொல். நல்லூர்க் கந்தன் உங்கள் நாலுபேரையும் ஒரு குறையும் வராமல் காக்கட்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உங்களோடு இருக்கும். இந்தக் கடிதத்துக்குப் பதிலைக் கையால் எழுது.

கடைசியாக ஒன்று, கவனமாக வாசி. முப்பதாம் திகதி வியாழக்கிழமை நீ வேலைக்குப் போகமுன் வழக்கம்போல எனக்கு எடுக்காதே, அந்த நேரம் இங்கே பின்னேரம். டோரீன் முதலில் மேபலுக்கு எடுத்துப் பேசிவிட்டு, இரண்டாவதாக எனக்கு எடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அக்காவும் தங்கையும் எவ்வளவு நேரம் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாது, அவசரப்படாமல் பேசட்டும். நான் டெலிபோனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பேன். லைன் வெறுமையாக இருக்கவேண்டும்.

உங்கள் எல்லோரையும் நினைத்தபடி,
உன் அம்மா
சிவபாக்கியம் கதிர்காமநாதன்